பந்தியில் பிளந்த சுவிசேஷம்

மனிதன் தன் செய்கைகளால் அல்ல, விசுவாசத்தினால்தான் நீதிமானாகிறான். மார்ட்டின் லுத்தர் தன் உயிரையே பணயம் வைத்த இந்த உபதேசத்தைத் தமிழ்நாட்டில் எந்தச் சுவிசேஷக் கூட்டத்திலும் கேட்கலாம். பாளையங்கோட்டைக் கன்வென்ஷன் மேடையில் கேட்கலாம், சென்னைப் புறநகரின் மாடி ஜெபவீட்டிலும் கேட்கலாம். இந்த உபதேசத்தின் தாய்மடிகளில் ஒன்று கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம். பவுல் அங்கே இதைச் சொல்ல நேர்ந்தது ஒரு சாப்பாட்டுத் தகராறில் என்பதைத்தான் நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை.

சிரியாவின் அந்தியோகியா சபையில் யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவந்தார்கள். பேதுருவும் அப்படித்தான் சாப்பிட்டார். எருசலேமில் யாக்கோபின் வட்டத்திலிருந்து சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல எழுந்து தனிப் பந்திக்குப் போனார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் போனார்கள். பர்னபாகூட இழுபட்டுப் போனார். பவுல் இதை ‘அவரவர் வழக்கம்’ என்று விட்டுவிடவில்லை. எல்லோருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி இவர்கள் நடக்கவில்லை என்பதுதான் அவர் வைத்த குற்றச்சாட்டு. விசுவாசத்தால் நீதிமானாதல் என்ற வாசகம் அந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் வருகிறது. பந்தி பிரித்தவன் வாயால் எதைப் பிரசங்கித்தாலும், உபதேசத்தை மறுத்துவிட்டான் என்பது பவுலின் தீர்ப்பு.

இந்த அதிகாரத்தைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்கு விளக்கவுரையே தேவையில்லை. யார் சமைத்தது, யார் பரிமாறுவது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில்தான் நம் ஊரில் சாதி குடியிருக்கிறது. அப்படியிருந்தும், உலகத்தில் வேறு எவரையும்விட நன்றாக இந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்க வேண்டிய நாம்தான் இதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாமுக்கும் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய, 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மதம் மாறிய பிறகும் சாதிக்கொடுமை தொடர்கிறதா என்று அரசு கேட்கிறது. சபை உண்மையைச் சொல்லியாக வேண்டிய நேரம் இது.

வேப்பேரியும் தஞ்சையும்

இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. 1706இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் கால்வைத்தார். அவருக்குப் பின் வந்த நூறாண்டுகளில், சோழமண்டலத்துப் புராட்டஸ்டன்ட் சபைகளில் தனித்தனி இருக்கைகளும், இராப்போஜனத்துக்கு யார் முன், யார் பின் என்ற வரிசையும் ஊன்றிவிட்டன. வேளாளர் ஒரு பக்கம், சேரியிலிருந்து வந்தோர் மறுபக்கம். ஆரம்பகால ஜெர்மன் மிஷனரிகள் இதைக் காலம் கரைத்துவிடும் என்று நம்பிப் பொறுத்துக்கொண்டார்கள். 1826இல் திருச்சியில் இறந்துபோன பேராயர் ஹீபரும் மென்மையான போக்கையே விரும்பினார்.

அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த பேராயர் டேனியல் வில்சன் உறுதியான இவாஞ்சலிக்கல். 1833இல் அவர் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதியை இன்றே, முழுவதுமாக, திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட வேண்டும் என்பதே அதன் சாரம். தஞ்சையும் சென்னை வேப்பேரியும் கொந்தளித்தன. குடும்பம் குடும்பமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னாளில் அவர்களில் பலர் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள்.

எதிர்த்து நின்றவர்களின் பெருங்குரல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், இரண்டாம் சரபோஜி மன்னரின் பள்ளித் தோழர். இன்றும் நாம் பாடும் கீர்த்தனைகள் பலவற்றைத் தந்தவர். வில்சனின் கடிதத்துக்கு முன்பே, 1829இல், சாதியைத் திருத்த முயல்வது பைத்தியக்காரத்தனம் என்று எழுதிவிட்டார். புதிதாக வந்த மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் நான்கைக் குறிப்பிட்டார். பழகிய ஃபாப்ரிசியஸ் வேதாகம மொழிபெயர்ப்பை எடுத்துவிட்டு ரேனியஸ் திருத்தியதைப் புகுத்தியது ஒன்று. கல்யாணத்திலும் பண்டிகையிலும் பூவை விலக்கியது ஒன்று. ஆராதனையில் தமிழிசையைத் தடுத்தது ஒன்று. இராப்போஜனத்தில் எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரவைத்தது நான்காவது.

இந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். முதல் மூன்றிலும் சாஸ்திரியார் சொன்னது நியாயம். பூவில் என்ன பாவம்? தமிழ் ராகத்தில் என்ன விக்கிரகாராதனை? ஐரோப்பிய மிஷனரிகள் தங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சுவிசேஷம் என்று நினைத்துக்கொண்டு நம் பண்பாட்டின் மேல் கைவைத்தார்கள். அது அகங்காரம்தான். நான்காவதில் சாஸ்திரியார் தவறு, மிஷனரிகள் சரி. ஆனால் நான்கும் ஒரே கட்டாக வந்து இறங்கியதால், பூவையும் பாட்டையும் காக்க எழுந்த நியாயமான கோபத்தின் நிழலில் சாதியும் ஒதுங்கிக்கொண்டது. சாதி ‘நம் பண்பாடு’ ஆகிவிட்டது. தமிழ்ச் சபை வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு எனக்குத் தெரியவில்லை. பின்னர் பூ திரும்பி வந்தது, கீர்த்தனை திரும்பி வந்தது. கூடவே சாதியும் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தது.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ண மறுப்பவருக்கு ஞானஸ்நானம் கூடாது என்ற அளவுக்குப் போனது. லைப்சிக் மிஷன் தவிர ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் அதற்கும் முன்பே அன்பின் விருந்து வைத்து, சேர்ந்து உண்ணாத உபதேசியார்களை விலக்கிவைத்தது. சாப்பாட்டைக் கொண்டு மனதைச் சோதிப்பது முரட்டுத்தனம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. உத்தரவுக்குப் பயந்து ஒரு கவளம் விழுங்கியவன் வீட்டுக்குப் போய் வாயைக் கழுவிக்கொள்ளலாம். மேலும், சேர்ந்து உண்ணுங்கள் என்று கட்டளையிட்ட வெள்ளைக்காரர்களில் எத்தனை பேர் தங்கள் பங்களாவின் மேசையில் இந்திய உபதேசியாருக்கு நாற்காலி போட்டார்கள்?

இந்தக் கேள்வியை உலகின் முன் வைத்தவர் நம் ஊர்க்காரர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா, 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். உங்கள் தியாகங்களுக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்று அவர் சொன்னபோது மண்டபத்தில் பலருக்குச் சுட்டது. அவர் பேச்சோடு நின்றவரில்லை. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். தானே தெலுங்கு நாட்டுக்கு மிஷனரியாகப் போனார். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். அங்கே விசுவாசிகளில் பெரும்பாலோர் மாலாக்களும் மாதிகாக்களும். ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்காத இரண்டு சமூகங்கள். அவர்களை ஒரே சபையாக்குவதே அசரியாவின் ஆயுட்கால வேலையாயிற்று. அவர் பெயரில் நினைவுக் கூட்டங்கள் நடத்தும் நாம், அந்த வேலையைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்?

ஊரோடு வந்த இரட்சிப்பு

தென் மாவட்டங்களில் கதை வேறு விதமாகப் போயிற்று. முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று பெயர்களைச் சொன்னாலே ஒரு சரித்திரம் ஓடும். 1799இல் உருவான முதலூர், விசுவாசத்துக்காக அடித்து விரட்டப்பட்டவர்களுக்கு அடைக்கல ஊர். தென் திருவிதாங்கூரில் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகக் கிறிஸ்தவப் பெண்கள் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். 1859இல்தான் அரசு இறங்கிவந்தது. சுவிசேஷம் மனிதனின் முதுகெலும்பை நிமிர்த்தும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் விசுவாசம் உறவுமுறை வழியாகப் பரவியது. மாமன் வந்தான், மச்சான் வந்தான், ஊரே வந்தது. அதனால் சபையும் பெரும்பாலும் ஒரே சமூகத்துச் சபையானது. அந்தப் பக்கத்து ஊர்களில் அசனப் பண்டிகை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அழகான வழக்கம் என்று. ஆலய வளாகத்தில் பெரிய பெரிய செம்புகளில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொதிக்கும். பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே பந்தியில் இலை போட்டு உட்காருவார்கள். ஆதிச் சபையின் அன்பின் விருந்து தமிழ் மண்ணில் உயிரோடு இருப்பது அங்கேதான். அந்த அசனத்துக்குப் பக்கத்துத் தெருவின் விசுவாசிகள் அழைக்கப்படுகிறார்களா, அழைத்தால் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள் என்று ஒவ்வொரு சேகரமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டு, திறந்த மனதோடு இலை போட்ட ஊர்களும் உண்டு. எண்ணிக்கையில் அவை போதாது.

ஊரோடு, சாதியோடு திரும்பும் இந்த வழக்கத்தைக் கண்ட ஒருவர் அதையே ஒரு கொள்கையாக்கினார். டொனால்ட் மெக்காவ்ரன், மத்திய இந்தியாவின் தமோவில் 1897இல் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியச் சாதிகளுக்குள் சுவிசேஷம் ஓடிய விதத்தை ஆராய்ந்து, இனத்தையோ வர்க்கத்தையோ தாண்டாமல் தங்களைப் போன்றவர்களோடு கிறிஸ்தவர்களாவதையே மக்கள் விரும்புகிறார்கள் என்று முடிவுக்கு வந்தார். 1965இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் உலக மிஷன் பள்ளியின் முதல் தலைவரானார். ‘சபை வளர்ச்சி’ என்று இன்று நம் பாஸ்டர்கள் போகும் பயிற்சி முகாம்களின் வேர் அங்கேதான். நம் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கிடந்த கோடு, அமெரிக்கா போய் ஒரு வளர்ச்சித் தத்துவமாகத் திரும்பி வந்தது.

சுவிசேஷக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதற்குப் பலமான மறுப்பு எழுந்தது. 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் 150 நாடுகளிலிருந்து கூடிய மாநாட்டில், ஈக்வடாரைச் சேர்ந்த ரெனே பதீயாவும் பெருவின் சாமுவேல் எஸ்கோபாரும், அநீதியைப் பற்றி மௌனமாக இருக்கும் இரட்சிப்புச் செய்தி பாதிச் செய்திதான் என்று வாதாடினார்கள். ஜான் ஸ்டாட் முன்நின்று எழுதிய லோசான் உடன்படிக்கை, சமூகப் பொறுப்பைக் கிறிஸ்தவக் கடமையாக ஏற்று, இதுவரை அலட்சியம் செய்ததற்கு மனம் வருந்துவதாகவும் அறிவித்தது. 1977இல் பசடீனாவில் மெக்காவ்ரனின் கொள்கையை மட்டுமே எடுத்து விவாதித்தார்கள். பின்னர் பதீயா புதிய ஏற்பாட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டி எழுதினார்: அப்போஸ்தலர்கள் எங்கேயும் யூதருக்கொரு சபை, கிரேக்கருக்கொரு சபை என்று நாட்டவில்லை, கலந்த சபையின் தொல்லைகளைச் சுமந்துகொண்டே நாட்டினார்கள். மெக்காவ்ரன் மக்கள் எப்படி நடக்கிறார்கள் என்று சரியாகத்தான் பார்த்தார். அதையே சபைக்கு வழியாக்கியதில்தான் அவர் அந்தியோகியாவின் பேதுருவோடு எழுந்து போனார் என்பது என் எண்ணம்.

பாவப் பட்டியலில் இல்லாத பாவம்

நம் எழுப்புதல் கூட்டங்களில் பாவம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். குடி, சினிமா, பொய், விபசாரம். சில சபைகளில் நகையும் சேரும். அழுது அறிக்கையிட்டு எழுந்தவர்கள் நிஜமாகவே மாறியிருக்கிறார்கள். குடியை விட்ட ஒருவனால் ஒரு குடும்பம் பிழைத்ததை நம்மில் பலரும் கண்ணால் கண்டிருக்கிறோம். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் மறுபிறப்பைத் தனி மனிதனின் உள்ளத்தோடு முடித்துக்கொண்டதால், வீட்டுக்கும் தெருவுக்கும் உரிய பாவம் பட்டியலில் ஏறவே இல்லை. கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் பக்கத்தைப் பாருங்கள். ‘இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற’ என்று தொடங்கும் விளம்பரம் அடுத்த சொல்லிலேயே சாதியைச் சொல்லும். இரண்டும் ஒரே வரியில் கூச்சமில்லாமல் நிற்கின்றன. பெந்தெகொஸ்தே சபைகளில் பெஞ்சு ஓரளவு கலந்திருக்கிறது. அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. கல்யாணம் என்று வரும்போது அங்கேயும் சுவர் எழும்புகிறது. திருமண்டலத் தேர்தல்களில் எந்த அணிக்கு எந்தச் சமூகத்தின் வாக்கு என்பது டீக்கடையில் கூடப் பேசப்படுகிறது.

2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கர்களுக்கும் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அது அவர்கள் சபைச் சங்கதி என்று சொல்லிக் கடக்க நமக்கு அருகதையில்லை. பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் நம்மிடமும் உண்டு.

சான்றிதழும் சாட்சியும்

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார்கள் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். பட்டியல் சாதிக்குரிய இடஒதுக்கீடு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் இல்லை. ஆனால் அவரை அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

இதன் விளைவு என்னவென்று தலித் விசுவாசிகளைக் கேட்டால் தெரியும். ஞாயிறு ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். கிறிஸ்துவை வாயார அறிக்கையிட வேண்டும் என்று கற்பிக்கும் சபையில், அறிக்கையிட்டால் பிள்ளையின் படிப்பு போகும் என்ற நிலையில் ஒரு தகப்பன் உட்கார்ந்திருக்கிறான். 2024 நவம்பரில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசியலமைப்பையே ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தகப்பனைப் பொய்யனாக்கிய ஏற்பாட்டில் சபைக்கும் பங்குண்டு. மேல்சாதியிலிருந்து வந்த விசுவாசி எதையும் இழக்காமல் கிறிஸ்தவனாக இருக்க, இவன் மட்டும் விலை கொடுக்கிறான்.

பட்டியல் சாதித் தகுதி கேட்கும் கோரிக்கையைச் சபைத் தலைவர்கள் சிலர் எதிர்ப்பார்கள்: கிறிஸ்தவத்தில் சாதியில்லை, அப்படியிருக்க நாமே போய் இருக்கிறதென்று சொல்வதா? வேதத்தின்படி சாதியில்லை என்பது உண்மை. நம்மிடம் இருக்கிறது என்பதும் உண்மை. முதல் உண்மையைக் காட்டி இரண்டாவதை மறைப்பது பொய்ச்சாட்சி. இந்து தலித்துகள் சிலர் வேறு காரணத்தால் எதிர்க்கிறார்கள். இருக்கிற இடங்கள் பங்குபோய்விடும், மிஷன் பள்ளியில் படித்தவன் முந்திக்கொள்வான் என்ற அவர்கள் அச்சத்தை மதவெறி என்று ஒதுக்கக் கூடாது. ஒதுக்கீட்டின் அளவு கூடாமல் ஆளை மட்டும் கூட்டினால் ஏழையோடு ஏழை மோத வேண்டிவரும். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துவரும் நாம், இந்த அச்சத்துக்குப் பதில் தேடவில்லை.

எல்லாச் சபைகளும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பறட்டை’ என்று மாணவர்கள் அன்போடு அழைத்த தியோபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டார் மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ‘ஒரே உலை’ என்பது அவர் இறையியலின் மையம். ஒரே உலையில் பொங்கியதைப் பகிர்ந்து உண்பவர்கள்தான் ஒரு குடும்பம், சபையும் அப்படித்தான் என்று கற்பித்தார். தலித் இறையியல் என்றாலே முகம் சுளிக்கும் சுவிசேஷ நண்பர்களுக்குச் சொல்வேன்: அவருடைய எல்லா முடிவுகளையும் ஏற்க வேண்டாம். அந்தியோகியாப் பந்தியை நம் மொழியில் இவ்வளவு நெருக்கமாகச் சொன்னவர் வேறு யார்?

இனி செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்கிறேன். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த சூசை சென்னையில் செருப்புத் தைப்பவர்; இந்து ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு இலவசமாகத் தரப்பட்ட பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் கொடுமை புதிய சமூகத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அப்படி நம்பகமான ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். அந்த ஆய்வுக்கான ஆவணம் வேறு யாரிடமும் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு சேகரத்தின் அலமாரியிலும் திருமணப் பதிவேடு இருக்கிறது, அடக்கப் பதிவேடு இருக்கிறது, எந்தப் போதகர் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார், எத்தனை மாதத்தில் மாற்றல் கேட்டு ஊர் மனுக் கொடுத்தது என்ற கோப்பு இருக்கிறது. யார் வீட்டில் யார் பெண் கொடுத்தார்கள், யார் எந்த மூலையில் புதைக்கப்பட்டார்கள் என்பது சபையின் கைப்பட எழுதப்பட்டிருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்களும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் தங்கள் பதிவேடுகளைத் தாங்களே தொகுத்து, முதலில் தங்கள் பெருமன்றங்களில் உரக்க வாசித்து, பிறகு அரசின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் வைக்கட்டும். பாவ அறிக்கையும் சட்டச் சான்றும் இந்த விஷயத்தில் ஒரே காகிதம். அதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை, ஆராய்ச்சிக் குழு தேவையில்லை. அடுத்த பெருமன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒரு தீர்மானம் சேர்த்தால் போதும்.